விடுபட்ட நாற்பது

ஆவுடையப்பனுக்கு வடை பிடிக்காது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வடை பிடிக்கும். வடை தின்கிறவர்களைத்தான் பிடிக்காது, அதிலும் கூட்டம் நடத்திக்கொண்டே தின்கிறவர்களை, அதிலும் மேஜையின் தலைமாட்டில் உட்கார்ந்து எண்ணெய் விரலால் அவருடைய அறிக்கையின் கடைசிப் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்த டாக்டர் நெல்லைநாயகத்தை. அந்த ஆளுக்கு இந்த ஆஸ்பத்திரியில் இயக்குநர் பதவி. படித்தது எலும்பு வைத்தியம், பேசுவது எல்லாம் எலும்பில்லாத நாக்கு பேசுகிற பேச்சு. கடைசிப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் ஒரே ஒரு எண் இருந்தது, நூற்றுக்கு எண்பத்தாறு. அந்த எண்ணின் மேலேயே எண்ணெய் பட்டு, தாள் கண்ணாடி மாதிரி ஆகி, அடியில் இருந்த மேஜைவிரிப்பின் பூ தெரிந்தது. மூன்று வார உழைப்பு. பேப்பரில் வடை மடித்துத் தின்பதை ஆவுடையப்பன் நாற்பது வருஷமாகப் பார்க்கிறார், ஆனால் அந்தப் பேப்பரை எழுதியவன் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறபோது தின்கிற தைரியம் இந்த ஆளுக்குத்தான் வரும். வலது பக்கம் நர்ஸ்களுக்குத் தலைவியான மேட்ரன் அம்மாள், பேனா மூடியைத் திறந்து மூடி, திறந்து மூடி, டிக் டிக்கென்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்காகவே ஒரு ஆளை வேலையை விட்டு நீக்கலாம். ஆனால் இன்று நீக்கப்போவது மேட்ரனை அல்ல. அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாளே ஜெபக்கனி, டயாலிசிஸ் பிரிவில் பதினோரு வருஷம் நர்ஸாக இருந்தவள், அவளை. அறிக்கையில் ஆவுடையப்பன் அவள் பெயரைப் போடவில்லை. 'பணியாளர் இரண்டு' என்றுதான் போட்டிருந்தார். பெயர் போடாமல் விட்டதைத் தன் நாகரிகம் என்று நினைத்துக்கொண்டிருந்தார், மூன்றே நர்ஸ்கள் இருக்கிற பிரிவில்.

நாலு மாதத்தில் பத்தொன்பது பேர். மெஷினில் இணைத்த அரை மணி நேரத்தில் வெடவெடவென்று நடுக்கம், அப்புறம் காய்ச்சல், அதில் இரண்டு பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். காரணம் மூன்றில் ஒன்று: நர்ஸின் கை, அல்லது கழுவிக் கழுவித் திரும்பப் போடுகிற ஃபில்டர், அல்லது தண்ணீர். எது, எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லத்தான் ஓய்வுபெற்ற புள்ளியியல் பேராசிரியர் ஆவுடையப்பனைக் கூப்பிட்டார்கள். அவரும் பேயஸ் முறையில் போட்டுக் கொடுத்தார். அது ஒன்றும் மந்திரம் இல்லை. செத்து இருநூற்றைம்பது வருஷத்துக்கு மேலான ஒரு பாதிரியார் சொல்லிவிட்டுப் போன வழி. சாட்சியங்களைப் பார்ப்பதற்கு முன்னால் உன் மனசில் எதை எவ்வளவு நம்புகிறாய் என்று முதலில் எழுது, அது முன்நம்பிக்கை. பிறகு ஒவ்வொரு சாட்சியமாக வரவர அந்த நம்பிக்கையைத் திருத்திக்கொண்டே போ. அவ்வளவுதான். 'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்று ஊரில் எல்லோரும் சொல்லிக்கொண்டு, காதால் கேட்டதை மட்டும் நம்பித் திரிகிறார்களே, அந்தத் தீர விசாரிப்பதற்குத்தான் இங்கே ஒரு சூத்திரம் இருக்கிறது என்று வகுப்பில் சொல்வார். பையன்கள் சிரிக்க மாட்டார்கள். சிரிக்கக் கூடாது என்று அவரே சொல்லியிருந்தார். ஆக, விஷயம் தெரிந்த ஐந்து பேரிடம் கேட்டு, நூறை மூன்று காரணத்துக்கும் பங்கிடச் சொல்லி, அதை முன்நம்பிக்கையாக வைத்து, பத்தொன்பது காய்ச்சலையும் ஒவ்வொன்றாக உள்ளே விட்டார். பதின்மூன்று காய்ச்சல் திங்கட்கிழமை காலை ஷிஃப்டில். மற்ற இரண்டு நர்ஸ்களும் ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்விட்டுத் திங்கள் மதியம்தான் பஸ் பிடித்து வருவார்கள். ஜெபக்கனி ஆஸ்பத்திரிக்குப் பின் தெருவில் குடியிருக்கிறவள், அதனால் திங்கள் காலை எப்போதும் அவள் தலையில். கணக்கு நேராகக் கையைக் காட்டியது. நூற்றுக்கு எண்பத்தாறு கை, பதினாலு ஃபில்டர். தண்ணீருக்குப் பூஜ்யம். இதோ வேலைநீக்கக் கடிதம் டைப் ஆகி ஃபைலில் இருக்கிறது, நர்ஸிங் கவுன்சிலுக்கு ஒரு நகல், இனி எந்த ஆஸ்பத்திரியிலும் அவளைப் படியேற்ற மாட்டார்கள். ஆவுடையப்பன் அறிக்கையின் அடியில் ஒரு கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. அவருக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. பெஞ்சைக் கடந்து உள்ளே வரும்போது அவள் எழுந்து நின்று, "வணக்கம் சார்" என்றாள். எதற்கு எழுந்து நிற்கிறாள், இந்தப் பணிவு எல்லாம் முன்னாலேயே கையைக் கழுவுவதில் காட்டியிருக்கலாம் என்றுதான் அவருக்குத் தோன்றியது.

அப்போதுதான் டாக்டர் நெல்லைநாயகம் இரண்டாவது வடையைக் கடித்து, கண்ணை மூடி, தலையை ஆட்டி, "சான்ஸே இல்ல!" என்றார். மேட்ரன் அம்மாள், "நம்ம கேன்டீன்ல புது மாஸ்டர் டாக்டர்" என்றாள். சான்ஸே இல்லையாம். எதற்குச் சான்ஸ் இல்லை? வடைக்கா? வடை வாயில் கிடக்கிறதே, நிகழ்ந்துவிட்டதே, நிகழ்ந்துவிட்ட ஒன்றுக்கு வாய்ப்பு நூற்றுக்கு நூறு. இந்தத் தலைமுறை மொழியைக் கொன்று குழிதோண்டிப் புதைத்துவிட்டது. நல்லாயிருக்கு என்று ஒரு சொல் இருக்கிறது, பிரமாதம் என்று இருக்கிறது, அதையெல்லாம் விட்டுவிட்டு நடக்கவே நடக்காது என்கிற சொல்லை எடுத்து மெச்சுவதற்கு வைத்துக்கொண்டார்கள், வேலைக்காரன் ஜரிகை வேட்டியால் தரை துடைக்கிற மாதிரி. பாட்டு நன்றாக இருந்தால் சான்ஸே இல்ல, பிரியாணி நன்றாக இருந்தால் சான்ஸே இல்ல, போனில்கூட அன்றைக்கு, அன்றைக்கு யார், அந்தப் பயல், தண்ணீர் பிளான்ட்டைப் பார்த்துக்கொள்கிற இசக்கிராஜ். ஆவுடையப்பனின் கை டீ கிளாஸுக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டது. அவன் என்ன சொன்னான்? சான்ஸே இல்ல சார் என்று சொன்னான். எதற்குச் சொன்னான்? தண்ணீரால் வருவதற்கு வாய்ப்பு எவ்வளவு என்று கேட்டதற்குச் சொன்னான். வாய்ப்பே இல்லை என்றான், பூஜ்யம் போட்டோம். சரிதானே? சரிதான். டீயை எடுத்துக் குடித்தார். ஆறிப்போய் ஆடை கட்டிய டீ, உதட்டில் ஒட்டியது. சரிதான் என்றால் எதற்கு அந்தப் போன் பேச்சு மறுபடி காதில் ஓடுகிறது? அன்றைக்கு மோட்டார் ஓடுகிற சத்தம், அவன் கத்திப் பேசினான், இவர் இங்கே சமையலறை வாசலில் நின்றுகொண்டு நோட்டில் குறித்தார், வாசலில் கேஸ் சிலிண்டர்காரன் வந்து பெல் அடித்தான், அந்தச் சிலிண்டர்காரனோடு ஒரு பழைய சண்டை பாக்கி இருந்தது, போன தடவை வாசலிலேயே உருட்டிவிட்டுப் போய்விட்டான். கை எவ்வளவு இசக்கிராஜ்? "நாப்பது போட்டுக்கிடுங்க சார்." ஃபில்டர்? "அது ஒரு இருவது." தண்ணி? "தண்ணியையும் கேக்கியளா சார்! சான்ஸே இல்ல சார் நீங்க!"

நீங்க. கடைசியில் நீங்க என்று ஒரு சொல் இருந்ததா இல்லையா? இருந்தது. மோட்டார் சத்தத்தில் அது தேய்ந்து வந்தது, ஆனாலும் வந்தது. தண்ணீருக்குச் சான்ஸ் இல்லை என்பவன் எதற்கு நீங்க என்று முடிக்கிறான்? அவன் பதில் சொல்லவில்லை. மெச்சினான். தண்ணீரையும் சேர்த்துக் கேட்கிறாரே மனுஷன், இதுவரை யாருமே கேட்கவில்லையே என்று சந்தோஷத்தில் மெச்சினான். ஆவுடையப்பன் அந்த மெச்சலை எடுத்துப் பூஜ்யமாக எழுதிவிட்டார். இது பைத்தியக்காரத்தனம், இல்லை, அவன் அப்படிச் சொல்லியிருக்க மாட்டான், யாரும் ஆவுடையப்பனை மெச்சினதில்லை, அதுவே ஒரு சாட்சியம்தானே, முப்பத்துநாலு வருஷ வாத்தியார் வேலையில் ஒரு பயல் வாய் திறந்து நன்றாக நடத்தினீர்கள் சார் என்று சொன்னதில்லை. ஓய்வுபெறும் விழாவில் துறைத்தலைவர் மைக்கைப் பிடித்து, ஒரு நாள்கூட லீவு எடுக்காத மாமனிதர் என்று ஆரம்பித்தார், இவர் மேடையிலேயே எழுந்து, பதினேழு நாள் எடுத்திருக்கேன், ரிஜிஸ்தரைப் பாருங்க என்று திருத்தினார். கூட்டம் சிரித்தது. மனைவி கோமதி அன்றைக்கு வீட்டுக்கு வந்து வாசல் பூட்டைத் திறக்கும்போது, "ஒங்கள யாராவது நல்ல வார்த்த சொன்னாக்கூட கேஸ் போடுவிய" என்றாள். மனைவி சொன்னதை அவர் அப்போது மறுத்தார். இப்போது மறுக்க முடியவில்லை. மெச்சல் என்று ஒன்று தன்னை நோக்கி வரும் என்பதற்கே அவர் மனசில் பூஜ்யம் போட்டு வைத்திருந்தார், வந்தபோது அது மெச்சல் மாதிரியே கேட்கவில்லை.

நாற்பது. கையில் நாற்பது, ஃபில்டரில் இருபது, தண்ணீர் பூஜ்யம். கூட்டினால் அறுபது. அறுபது! நூறைப் பங்கிடச் சொன்னால் அறுபது வருகிறது, மிச்சம் நாற்பது எங்கே போனது என்று ஒரு ஒன்றாம் வகுப்புப் பிள்ளை கேட்கும். ஆவுடையப்பன் கேட்கவில்லை. அன்று சாயந்தரம் நோட்டைப் பார்த்தபோது அவருக்குத் தோன்றியது இன்னும் நன்றாக ஞாபகம் இருக்கிறது, டிப்ளமோ படித்தவனுக்கு நூறுகூட எண்ணத் தெரியவில்லை என்று சிரித்துக்கொண்டு, தானே பெரிய மனசு பண்ணி நாற்பதையும் இருபதையும் நூறுக்கு உயர்த்தி எழுதிக்கொண்டார். மற்ற நாலு பேரும் டாக்டர்கள், மேட்ரன். அவர்களில் யாராவது கூட்டல் தப்பாகச் சொல்லியிருந்தால் திரும்பப் போன் போட்டுக் கேட்டிருப்பார். மேட்ரன் ஒரு தடவை தொண்ணூற்றைந்து சொன்னாள், உடனே திருப்பிக் கேட்டுச் சரிபண்ணினார். இசக்கிராஜிடம் கேட்கவில்லை. ஐந்து பேர் வேண்டும் என்பதற்காகச் சேர்த்த ஐந்தாவது ஆள் அவன். விடுபட்ட நாற்பது தண்ணீருடையது. அவன் சொல்ல வந்தது அதுதான், சொல்வதற்குள் இவர் சிலிண்டர்காரனோடு சண்டை போட ஓடிவிட்டார். சண்டையில் ஜெயிக்கக்கூட இல்லை. சரி, ஒருத்தன் நாற்பது சொன்னால் என்ன, மற்ற நாலு பேரும் தண்ணீருக்குப் பத்து, பத்து, இருபது, இருபது என்றுதானே சொன்னார்கள், அந்த நாலும் என்ன ஆயிற்று? அங்கேதான் ஆவுடையப்பனின் படிப்பு வந்து நின்றது. ஐந்து பேர் சொன்னதையும் கூட்டிச் சராசரி எடுப்பது ஒரு வழி, அது மளிகைக்கடைக்காரன் வழி என்று அவருக்கு இளக்காரம். எல்லாவற்றையும் பெருக்கி ஐந்தாம் மூலம் எடுப்பது இன்னொரு வழி, அதில் ஒரு அழகு உண்டு, சூத்திரத்தில் அது வழுக்கிக்கொண்டு போய் உட்காரும். ஐந்து பேரில் ஒருவர் பூஜ்யம் போட்டால் மொத்தமும் பூஜ்யம் என்பது மட்டும்தான் அதன் குறை. முன்நம்பிக்கை பூஜ்யமாகிவிட்டால் அப்புறம் எத்தனை சாட்சியம் வந்தாலும் எதால் பெருக்கினாலும் பூஜ்யம்தான், பத்தொன்பது காய்ச்சல் இல்லை, ஊரே படுத்தாலும் தண்ணீர் மேல் சந்தேகம் ஒரு நூல் ஏறாது. இதை முப்பத்துநாலு வருஷம் கரும்பலகையில் எழுதிச் சொல்லிக்கொடுத்தார். "பூஜ்யம் போடுதியே, நீ என்ன கடவுளா? ஆயிரத்துல ஒண்ணாவது போடுல" என்று ஒரு பயலைப் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தினார், பட்டப்படிப்புப் பயலை. அவன் பெயர்கூட மறந்துவிட்டது. அவன் இப்போது இந்த அறைக்குள் வந்தால் என்ன செய்வான் என்று நினைத்தபோது ஆவுடையப்பனுக்குக் காது மடல் சுட்டது.

மேட்ரன் டிக் டிக் செய்தாள். டாக்டர் நெல்லைநாயகம் கை துடைத்துக்கொண்டு மழை நீர் சேகரிப்பு பற்றி ஏதோ சொன்னார், நிகழ்ச்சி நிரலில் அது மூன்றாவது, ஜெபக்கனி நாலாவது. இன்னும் நேரம் இருந்தது. நிகழ்ச்சி நிரலின் பின்பக்கத்தில் ஆவுடையப்பன் பென்சிலால் போட ஆரம்பித்தார். திங்கட்கிழமை. ஏன் திங்கட்கிழமை? ஜெபக்கனி ஷிஃப்ட் என்பதால் என்று கணக்கு சொன்னது, கணக்குக்கு வேறு எதையும் சொல்ல வழி விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை டயாலிசிஸ் பிரிவு மூடியிருக்கும். தண்ணீர் சனிக்கிழமை சாயந்தரத்திலிருந்து திங்கள் காலைவரை குழாயிலேயே தேங்கி நிற்கும். நின்ற தண்ணீரில் கிருமி வரும் என்பதற்குப் புள்ளியியல் தேவையில்லை, வீட்டுக் குடத்தைக் கேட்டால் சொல்லும். அப்புறம் அந்த ஒரு திங்கள், தங்கை பிரசவத்துக்கு என்று ஜெபக்கனி லீவில் இருந்த திங்கள், அன்றைக்கும் இரண்டு பேருக்கு நடுக்கம் வந்தது. சனிக்கிழமையே குழாய்களை மாட்டி வைத்துவிட்டுப் போனது அவள்தானே என்று மேட்ரன் சொன்னாள், ஆவுடையப்பனும் தலையாட்டினார், மிச்சத்தை ஃபில்டர் மேல் தள்ளியது கணக்கு. அந்தப் பதினாலு அங்கிருந்து வந்ததுதான். தண்ணீருக்கு இசக்கிராஜின் நாற்பதைத் திருப்பிக் கொடுத்துப் பெருக்கினார். இரண்டு தடவை போட்டார். முதல் தடவை கைக்கு நூற்றுக்கு ஐந்து வந்தது, இரண்டாம் தடவை நாலு. தண்ணீர் தொண்ணூறைத் தாண்டிவிட்டது. தப்பு இருக்கிறதா என்று தேடினார், ஆயுசில் முதல் தடவையாகத் தன் கணக்கில் தப்பு இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுத் தேடினார். இல்லை.

சரி, சொல்லிவிடலாம். எப்படிச் சொல்வது? ஐயா, தண்ணீர் பிளான்ட்காரன் என்னைப் புகழ்ந்தான், நான் அதைப் பூஜ்யம் என்று எழுதிவிட்டேன் என்றா? இந்த நெல்லைநாயகம் இதை வாழ்நாள் முழுக்க ஒவ்வொரு பார்ட்டியிலும் சொல்லிச் சிரிப்பான். ரோட்டரி கிளப்பில் சொல்வான். சொல்லாமல் இருந்தால்? கையெழுத்துப் போடாமல், உடம்பு சரியில்லை என்று எழுந்து போய்விட்டால், அடுத்த வாரம் மெதுவாகத் திருத்திய அறிக்கை ஒன்று அனுப்பலாம், புதிய தரவுகளின் அடிப்படையில் என்று ஆரம்பித்து, தப்பு என்ற சொல்லே வராமல் எழுத அவருக்குத் தெரியும், எத்தனை ஆராய்ச்சிக் கட்டுரையில் எழுதியிருக்கிறார். அதற்குள் கடிதம் கவுன்சிலுக்குப் போயிருக்கும். போகட்டும், திரும்ப வாங்கலாம். திரும்ப வாங்கினதாக இந்த நாட்டில் சரித்திரம் உண்டா? போன கடுதாசி போனதுதான். அதோடு இன்று சனிக்கிழமை. நாளைக்குத் தண்ணீர் நிற்கும். அவருக்கு ஜெபக்கனி மேல் கோபம் வந்தது, வேறு எங்கே போவது அந்தக் கோபம். ஏன் சத்தம் போடவில்லை இந்தப் பெண்? நான் இல்லை, நான் இல்லை என்று மேஜையில் அடித்துச் சொல்லியிருக்கலாமே, யூனியன், வக்கீல், ஊர்ப் பெரியவர் யாரையாவது கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே, வந்திருந்தால் இவர் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நோட்டைப் புரட்டிப் பார்த்திருப்பாரே. வணக்கம் சார் என்று எழுந்து நிற்கிறாள். கோபம் அவள்மேல் நிற்கவில்லை, வழுக்கி மேட்ரன் மேல் போனது, டாக்டர் மேல் போனது, சுற்றிச் சுற்றித் தன் மடியிலேயே வந்து விழுந்தது.

"அடுத்து நாலாவது ஐட்டம்," என்றார் டாக்டர். "சார், நீங்க ஒரு சைன் போட்டீங்கன்னா முடிஞ்சுது. எக்ஸலன்ட் ரிப்போர்ட் சார், கோர்ட்டே வந்தாலும் நிக்கும். சிஸ்டர உள்ள வரச் சொல்லுங்க." ஆவுடையப்பன் பேனாவை எடுத்தார். எடுத்தார் என்றால் எடுத்தார், அதை மறைப்பானேன். மூடியைக் கழற்றவும் கழற்றினார். ஜெபக்கனி வந்து மேஜைக்கு இரண்டு முழம் தள்ளி நின்றாள். நாற்பது வயதிருக்கும், யூனிஃபார்ம் போடாமல் காட்டன் சேலையில் வந்திருந்தாள், கையைச் சேலை முந்தானைக்குள் வைத்திருந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"கமிட்டி முடிவு மேட்ரன் சொல்லியிருப்பாங்க. உங்க பக்கத்துல சொல்றதுக்கு எதுவும் இருக்கா?" என்று டாக்டர் கேட்டார். அவள் டாக்டரைப் பார்க்கவில்லை.

"சார்தானே கணக்குப் போட்டது?" என்று ஆவுடையப்பனைக் கேட்டாள். அவர் தலையாட்டினார். "எம்பத்தாறுன்னு மேட்ரன் அம்மா சொன்னாவ. அப்படின்னா மிச்சம் பதினாலு நான் இல்லைல்லா சார்? அந்தப் பதினாலையும் லெட்டர்ல ஒரு ஓரமா எழுதச் சொல்லுங்க சார். வீட்டுல காட்டணும்."

டாக்டர் நெல்லைநாயகம் சிரித்தார். "பதினாலுன்னா ஃபெயில் மார்க்கும்மா."

ஆவுடையப்பன் நல்லவராக மாறிவிட்டார் என்று நான் சொன்னால் நீங்கள் நம்ப வேண்டாம். அவருக்கு வந்தது இரக்கம் இல்லை. தன் எண்ணை, தப்போ சரியோ தன் எண்ணை, வடை தின்ற வாயால் ஒருத்தன் கேலி பண்ணுகிறானே என்கிற வெறிதான் முதலில் வந்தது, அந்த வெறி தொண்டையைத் திறந்ததும் அதன் பின்னாலேயே மற்றதும் வந்துவிட்டது. "எண்பத்தாறு தப்பு," என்றார். "பதினாலும் தப்பு. கணக்கே தப்பு. தப்பு என்னுது." டாக்டர், "சார், டீ சொல்லட்டுமா?" என்றார். ஆவுடையப்பன் கேட்காத மாதிரி செல்போனை எடுத்து, இசக்கிராஜைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி மேஜைமேல் வைத்தார். அங்கே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"இசக்கிராஜ், அன்னைக்கு ஒங்கிட்ட தண்ணிக்கு எவ்ளோன்னு கேட்டேனே, நீ எவ்ளோ சொன்ன?"

"நான் எங்க சார் சொன்னேன்? சொல்ல வாரதுக்குள்ள நீங்க போன வச்சுட்டியள. நாப்பது சார். நூறுல மிச்சம் அதுதானேன்னு நானும் விட்டுட்டேன். ஞாயித்துக்கெழம பூரா பைப்புல தண்ணி கெட்டிக் கெடக்கு சார், திங்கக்கெழம காலைல தொறந்தா ஒரு மாதிரி கொழகொழன்னு வரும். மூணு தடவ எழுதிக் குடுத்துட்டேன், ஒருத்தரும் கேக்கல. நீங்கதான் மொதல்ல கேட்டிய. அதான் அப்படிச் சொன்னேன்."

மேட்ரனின் பேனா நின்றுவிட்டது. டாக்டர் நெல்லைநாயகம் அந்த எண்ணெய்ப் பக்கத்தைப் பார்த்தார், கடிதம் இருந்த ஃபைலைப் பார்த்தார், தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அப்ப இத இப்போதைக்கு நிறுத்தி வைப்போம். தண்ணிய டெஸ்ட் பண்ற வரைக்கும், திங்கக்கெழமகூட, யூனிட்ட திறக்க வேண்டாம். சிஸ்டர், நீங்க போங்க, நாங்க சொல்றோம்" என்றார். ஆவுடையப்பன் அவளைப் பார்த்தார். ஏதாவது ஒன்றை எதிர்பார்த்தார் என்றுதான் சொல்ல வேண்டும், அழுகையோ, கும்பிடோ, திட்டோ. அவள் அப்படியே நின்றாள், முகத்தில் சந்தோஷம் எதுவும் தெரியவில்லை, ஏதோ பெரிய கூட்டல் ஒன்றை மனசுக்குள் போடுகிறவள் மாதிரி உதடு மட்டும் அசைந்தது.

"அப்ப நான் இல்லையா சார்?" என்றாள்.

"இல்லம்மா. நூத்துக்கு அஞ்சுக்கு மேல வராது."

"நான்னு நெனச்சிட்டனே சார்." முந்தானைக்குள்ளிருந்து கையை எடுத்தாள். விரலிடுக்கெல்லாம் தோல் உரிந்து சிவந்து கிடந்தது, மருந்து போட்டுக் கழுவிக் கழுவி ஆன புண். "முதல்ல நான் இல்லன்னுதான் இருந்தேன். நான் லீவுல போன அன்னைக்கும் வந்துச்சேன்னு சொன்னேன். பெறகு கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்து எம்பத்தாறு வந்துருக்குன்னாவ. படிச்சவங்க கணக்கு போட்டுச் சொன்னா இருக்கும்லா சார்? சனிக்கெழம டியூப் மாட்டுனது நாந்தானே, அப்ப அதுவும் என் கைதான்னு தோணிட்டு. போன ஞாயித்துக்கெழம கோயில் முடிஞ்சு, எறந்துபோன அந்த ரெண்டு பேர் வீட்டுக்கும் போயிட்டு வந்தேன் சார். மன்னிப்புக் கேட்டேன். ஒரு வீட்டுல கதவத் தொறக்கல. சுரண்டையில அந்தப் பெரியவர் பொஞ்சாதி உள்ள கூப்புட்டு ஒக்கார வச்சு, என் கையப் புடிச்சு ரெண்டு பக்கமும் திருப்பிப் பாத்துச்சு. இந்தக் கையாடின்னு கேட்டுச்சு. ஆமாங்கம்மான்னு சொல்லிட்டேன்."

போன் இன்னும் மேஜைமேல் திறந்துதான் இருந்தது, இசக்கிராஜ் மோட்டாரை நிறுத்தியிருந்தான்.

"இப்ப அந்தம்மாகிட்ட போயி நான் என்ன சார் சொல்லட்டும்?"

அவள் அவரைத்தான் கேட்டாள். பதில் வரும்வரை போகப்போவதில்லை என்று தெரிந்தது. ஆவுடையப்பன் பேனாவை மூடினார், திறந்தார், அவளோடு சுரண்டைக்குப் போக எந்த பஸ் என்று கேட்டார்.